பெருமுக்கல் மலையில் என்ன வேலை?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் பெருமுக்கல் என்று ஓர் ஊர் இருக்கிறது. உங்களில் அநேகம் பேர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. சென்னையிலிருந்து காரில் புறப்படுகிறவர்கள் திண்டிவனத்தில் இறங்கிக் காபி சாப்பிட்டுவிட்டு, ஒன்று புதுச்சேரிக்குப் போவார்கள். இல்லாவிட்டால் செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போவார்கள். கிழக்கே திரும்பி, உப்பளத்துக்குப் பெயர் போன மரக்காணத்தை நோக்கிப் போகவேண்டிய அவசியம் யாருக்கு வருகிறது?

ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு குன்று நிற்கிறது. இமயமலைக்குத் தம்பி என்று சொல்லும்படி இராது. மூச்சு வாங்காமல் ஏறுகிற வயசுக்காரர்கள் சீக்கிரமாகவே ஏறிவிடலாம். அந்தச் சிறிய குன்றின் மேல் எத்தனை காலம் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால்தான் ஆச்சரியமாக இருக்கும்.

முதலில் ஊரார் சொல்லும் கதை. சீதாதேவி வால்மீகி முனிவரின் ஆசிரமத்தில் இருந்தது இந்த மலையில்தானாம். லவ குசர்களை இங்கேதான் பெற்றாளாம். பிரசவ வேதனையில் தேவி பெரிதாக முக்கியதால் ஊருக்குப் 'பெருமுக்கல்' என்று பெயர் வந்ததாம்! பெயர் ஆராய்ச்சி செய்கிற பண்டிதர்கள் இதை ஒப்புக்கொள்வார்களோ, மாட்டார்களோ? ஆனால் பெற்றவர்களுக்கு இந்தக் கதையின் அருமை தெரியும். லவ குசர்களின் வீரத்தை எல்லோரும் பாடுகிறார்கள். அவர்களைப் பெற்றவள் பட்ட வலியை ஓர் ஊர் தன் பெயராகவே வைத்துக் கொண்டிருக்கிறது என்றால், அந்த ஊரின் மேல் நமக்கு ஒரு பிரியம் ஏற்படுகிறதா, இல்லையா?

சீதையின் பெயரைச் சொல்லி ஒரு குகையைக் காட்டுகிறார்கள். அங்கே பாறையில் கோடும் கட்டமுமாகக் கீறிய உருவங்கள் இருக்கின்றன. எழுத்து என்ற ஒன்று பிறப்பதற்கு முன்னால், கல்லைக் கொண்டு கல்லில் கீறி மனிதர்கள் ஏதோ சொல்லப் பார்த்த அடையாளங்கள் அவை. மலைமேல் சிவன் கோயில். அதில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள். கோயிலைச் சுற்றி இடிந்து போன கோட்டை. 1760-ம் வருஷம் வந்தவாசியில் தோற்ற பிரெஞ்சுக்காரர்கள் பின்வாங்கியபோது, இந்தக் கோட்டையில்தான் ஒரு படையை வைத்தார்கள். ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அதை முற்றுகையிட்டுப் பிடித்தார். சண்டையில் அவரே காயமும் பட்டார். 1782-ல் ஹைதர் அலியும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து மறுபடி பிடித்தார்கள். ஆங்கிலேயர் எழுதி வைத்த யுத்த சரித்திரத்தில் இந்த ஊரைத் தேடினால் கிடைக்காது. அவர்கள் வாயில் பெருமுக்கல் நுழையவில்லை. 'பெர்மாகோயில்' என்று ஆக்கி விட்டார்கள்!

இந்த மலைக்கு யார் போகிறார்கள்? கோயிலுக்குப் போகிற ஊர்க்காரர்கள், ஆடு மேய்க்கிறவர்கள். அப்புறம், பல்கலைக் கழகங்களில் தொல்லியல் படிக்கிற பிள்ளைகளும் பெண்களும். இவர்களைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனென்றால் இந்தப் பகுதியைப் படிக்கிற வீடுகளில், 'எம்.ஏ.யில் தொல்லியல் எடுக்கப் போகிறேன்' என்று ஒரு பெண் சொல்லி, அதனால் நாலு நாள் சாப்பாட்டு நேரத்தில் யாரும் யாரோடும் பேசாமல் இருந்த வீடு ஒன்றிரண்டாவது இருக்கும்.

பெற்றோர் கேட்கும் கேள்விகள் நியாயமானவை. 'அது என்ன படிப்பு? வெயிலில் மண்ணைத் தோண்டுவதற்கு ஒரு பட்டமா? காட்டிலும் மலையிலும் உனக்கு என்ன வேலை?' ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படிப்பு புதிதல்ல. சென்னைப் பல்கலைக் கழகத்தில் இந்திய சரித்திரத்துக்கும் தொல்பொருள் ஆராய்ச்சிக்கும் என்று 1914-லேயே ஒரு துறை ஏற்பட்டுவிட்டது. எஸ். கிருஷ்ணஸ்வாமி ஐயங்கார் அதன் முதல் பேராசிரியர். அவருக்குப் பின் வந்த கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார், ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளை ஆதாரமாகக் கொண்டு 1935-ல் சோழர் சரித்திரத்தை வெளியிட்டார். பிற்பாடு டி. வி. மகாலிங்கம் மாணவர்களை மண்வெட்டியும் கையுமாக வெளியே அழைத்துப் போனார். 1965-லிருந்து 1969 வரை, சோழரின் பழைய தலைநகரான உறையூரில் அந்தத் துறை தோண்டியது. தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக் கழகம் வந்த பிறகு அதன் ஆசிரியர்களும் மாணவர்களும் கொடுமணலைத் தோண்டினார்கள். புதுச்சேரிப் பல்கலைக் கழகத்தார் பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலைத் தோண்டினார்கள்.

பொருந்தலில் கிடைத்தது என்ன தெரியுமா? தங்கமா, வைரமா? நெல்! 2009-ல் கே. ராஜன் தலைமையில் அங்கே ஒரு பழைய ஈமக்குழியைத் திறந்தபோது, ஒரு பானைக்குள் ஏறக்குறைய இரண்டு கிலோ நெல் இருந்தது. இறந்தவருக்கு யாரோ வைத்த நெல். அதை அமெரிக்காவுக்கு அனுப்பிச் சோதித்ததில் கி.மு. 490 என்று காலம் வந்தது. அதே குழியில் எழுத்துப் பொறித்த பானைத் தாங்கியும் இருந்தது. ஆகவே அந்த எழுத்துக்கும் ஒரு வயது கிடைத்தது. நாம் படியால் அளந்து போடுகிற நெல், தமிழ் எழுத்தின் வயதைச் சொல்லுகிற சாட்சியாக வந்து நின்றது!

தோண்டுகிற வேலையை நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். கடப்பாரையைப் போட்டு இடிக்கிற வேலை அல்ல அது. கயிறு கட்டிச் சதுரம் பிரிக்கிறார்கள். சிறிய கொத்துக் கரண்டியால் மண்ணைச் சுரண்டி எடுக்கிறார்கள். விளக்குமாற்றால் பெருக்குகிறார்கள். எடுத்த மண்ணைச் சல்லடையில் சலிக்கிறார்கள். கிடைத்த பானை ஓடுகளைக் கழுவி, வெயிலில் காய வைத்து, ஒவ்வொன்றின் மேலும் மையால் எண் எழுதி, ஜாதி ஜாதியாகப் பிரித்து அடுக்குகிறார்கள். இதில் நமக்குத் தெரியாத வேலை எது? சுரண்டுவது, பெருக்குவது, சலிப்பது, கழுவுவது, காய வைப்பது, பிரித்து வைப்பது! கல்யாண வீட்டில் பாத்திரக் கணக்குப் பார்த்த ஒரு மாமியை அங்கே கொண்டுபோய் விட்டால், ஒரு வாரத்தில் தேறிவிடுவார்.

உடைந்த ஓட்டை ஏன் இவ்வளவு பத்திரப்படுத்துகிறார்கள் என்று கேட்பீர்கள். இதற்கு அரிக்கமேடுதான் உதாரணம். பெருமுக்கல்லிலிருந்து தெற்கே, புதுச்சேரியைத் தாண்டியதும் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அந்த மேடு. 1937 வாக்கில், அங்கே விளையாடுகிற குழந்தைகள் மண்ணிலிருந்து பொறுக்கிய பாசிமணிகளை, ழுவோ துப்ராய் என்கிற பிரெஞ்சு அறிஞர் காசு கொடுத்து வாங்கினார். 1945-ல் மார்ட்டிமர் வீலர் வந்து முறைப்படி தோண்டினார். இத்தாலி தேசத்தில் செய்த சிவப்புத் தட்டுகளின் துண்டுகள் அங்கே கிடைத்தன. அந்தத் தட்டு எந்தக் காலத்தில் செய்தது என்பது ஐரோப்பாவில் ஏற்கனவே தெரியும். அப்படியானால், அதே மண் அடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானைக்கும் அதே காலம்தானே? ஒரு துண்டு ஓடு காலண்டராக ஆகிவிட்டது!

கதை அதோடு முடியவில்லை. வீலர் என்றால் சாமான்யப்பட்டவர் அல்ல. இந்தியத் தொல்பொருள் இலாகாவுக்கே தலைவர். அவர் சொன்னதை எதிர்த்துப் பேச யாருக்குத் துணிவு வரும்? ஒரு பெண்ணுக்கு வந்தது. விமலா பெக்லி என்கிற ஆராய்ச்சியாளர் அந்தப் பானை ஓடுகளையெல்லாம் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். அரிக்கமேடு வீலர் நினைத்ததைவிடப் பழையது, அதைவிட நீண்ட காலம் வாழ்ந்தது என்று 1983-ல் எழுதினார். எழுதினதோடு நிற்கவில்லை. 1989-லிருந்து 1992 வரை, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக் கழகமும் சென்னைப் பல்கலைக் கழகமும் சேர்ந்து அங்கே தோண்டியபோது, முன்னின்று நடத்தியவரும் அவரே. இந்தியத் தொல்பொருள் இலாகாவின் தலைமை நாற்காலியிலும் 1981-ல் தேபலா மித்ரா என்கிற வங்காளப் பெண்மணி உட்கார்ந்தாயிற்று. 'இது பெண்களுக்கு ஏற்ற படிப்பா?' என்ற கேள்விக்கு இதற்குமேல் நான் பதில் சொல்லத் தேவையில்லை.

இனி மலைக்கு வருவோம். கல்வெட்டு இருக்கிற கோயிலில் இந்தப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்?

வெயில் ஏறுவதற்குள் வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். கல் சுட்டால் ஈரம் நிற்காது. முதலில் கல்லைத் தேய்த்துக் கழுவி, எழுத்துக் குழிகளில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் மெதுவாக எடுப்பார்கள். அப்புறம் ஒரு பெரிய தாளை நனைத்து, சுவரின்மேல் ஒட்டுவார்கள். ஒருத்தி மேலே பிடித்துக் கொள்ள, இன்னொருத்தி சுருக்கம் விழாமல் தடவிவிட வேண்டும். காற்று அடித்தால் போச்சு! கெட்டியான பிரஷ்ஷால் தட்டித் தட்டி, எழுத்துக் குழிக்குள் தாள் பதியும்படி செய்வார்கள். தாள் கொஞ்சம் உலர்ந்ததும், பஞ்சு வைத்துக் கட்டிய துணிப் பொட்டணத்தை மையில் தொட்டு, மேலே ஒற்றிக்கொண்டே போவார்கள். மேடான இடமெல்லாம் கறுக்கும். குழியில் மை படாது. கொஞ்ச நேரத்தில், கரும்பலகையில் சாக்குக் கட்டியால் எழுதினதைப் போல், எழுத்துகள் வெள்ளை வெளேரென்று எழுந்து நிற்கும்! இதற்கு 'மைப்படி எடுப்பது' என்று பெயர். அதைப் பத்திரமாக உரித்துச் சுருட்டி, கையிலும் மூக்கிலும் மையோடு கீழே இறங்கி, பஸ்ஸுக்கு நிற்பார்கள். தயிர் சாதப் பொட்டணத்தைப் பிரிப்பதற்கு முன் கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

அத்துடன் ஆயிற்றா? படிக்க வேண்டுமே! அந்தக் காலத்து எழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அபூர்வம். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. நெடிலுக்குப் போடுகிற காலும் 'ர' எழுத்தும் ஒரே மாதிரி இருக்கும். நடுநடுவே கிரந்த எழுத்து வரும். ஒரு வரியைப் படித்து முடிக்க ஒரு சாயங்காலம் போய்விடும். படித்த பிறகும் எந்த ராஜா என்று தெரிய வேண்டும். சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாற்றி மாற்றிப் பட்டம் வைத்துக் கொண்டார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து, வீட்டில் மூன்று ராமசாமிகள் இருந்தால் தபால்காரன் படும் பாடு உங்களுக்குத் தெரியும் அல்லவா? தொல்லியல் மாணவி படும் பாடு அதுதான்.

இவ்வளவு சிரமப்பட்டுக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது? ராஜாக்களின் பெருமை கொஞ்சம். மீதியெல்லாம் கணக்கு! ஒருவர் கோயிலில் அணையா விளக்கு எரிக்க ஆசைப்படுகிறார். அதற்கு 96 ஆடுகள் கொடுக்கிறார். ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், குட்டி போடும். கணக்கு மட்டும் குறையக்கூடாது. ஆகையால் அவற்றுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியேற்றிய 400 ஆடல் மகளிரின் பெயர்களும் கல்லில் இருக்கின்றன. எந்தத் தெருவில் எந்த வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவள், ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல் என்பது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் வாழ்ந்த 400 பெண்களின் விலாசம்! நம்முடைய கொள்ளுப் பாட்டியின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கனடாவில் லெஸ்லி ஓர் என்கிற பேராசிரியை, தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் பெண்கள் எங்கெங்கே வருகிறார்கள் என்று தேடித் தேடிக் கணக்கெடுத்து, 2000-ம் வருஷத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். கோயிலைச் சேர்ந்த பெண்கள் வெறும் ஊழியக்காரிகளாக இருந்தார்கள் என்று நாம் நினைத்துக் கொண்டிருந்தோம். அவர்களில் எத்தனையோ பேர் சொந்தச் சொத்து உடையவர்கள், தாங்களே கோயிலுக்குப் பொன்னும் நிலமும் கொடுத்தவர்கள் என்பது அந்தக் கணக்கிலிருந்து தெரிய வந்தது. கல்லில் எல்லாம் முன்பே இருந்தது. யாரோ ஒருத்தி உட்கார்ந்து எண்ணும் வரையில் யாருக்கும் தெரியவில்லை.

பெருமுக்கல் விஷயத்தில் என் மனத்தை அறுப்பதும் இதுதான்.

அந்த வட்டாரம் கல் உடைக்கிற வட்டாரம். பாறையை வெடி வைத்துப் பிளந்து, ஜல்லியாக்கி, லாரி லாரியாக அனுப்புகிறார்கள். அந்த வேலையை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த ஜல்லி எங்கே போகிறது? நம் வீட்டு மொட்டை மாடிக்கும், நாம் குடியிருக்கும் அடுக்கு மாளிகைக்கும், நாம் காரில் பறக்கும் நாற்கரச் சாலைக்கும்தான். ஏதோ ஒரு மலையின் துண்டு ஒவ்வொருவர் வீட்டுத் தளத்திலும் இருக்கிறது. சோழர் கல்வெட்டு உள்ள கல்லும், ஒன்றும் எழுதாத கல்லும் இயந்திரத்தில் போட்டால் ஒரே ஜல்லிதான். குகையில் உள்ள கீறல்களோ இன்னும் பாவம். அவற்றைப் பார்த்தால் மாட்டுக்காரப் பையன் விளையாட்டாகக் கிறுக்கினது போல இருக்கும். இது இன்னது என்று சொல்லத் தெரிந்த ஒருவர் வந்து, அளந்து, வரைந்து, படம் எடுத்து, எழுதி வைத்தால்தான் அதற்கு ஒரு காவல் கிடைக்கிறது. புராதனச் சின்னங்களைக் காப்பதற்குத் தமிழ்நாட்டில் 1966-லேயே சட்டம் செய்துவிட்டார்கள். ஆனால் இங்கே ஒரு சின்னம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அல்லவா சட்டம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கும்? அதைச் சொல்லுகிற வேலைதான் அந்த மாணவி மலையில் செய்கிற வேலை.

ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இந்த வேலையைச் சிலர் செய்து வைத்தார்கள். 1886-ல் ஹூல்ஷ் என்கிற ஜெர்மானிய அறிஞரைச் சென்னை அரசாங்கம் கல்வெட்டு ஆராய்ச்சிக்கு நியமித்தது. அதிலிருந்து ஊர் ஊராகப் போய் மைப்படி எடுத்தார்கள். பிற்பாடு திருப்பணி என்ற பெயரால் எத்தனையோ கோயில்களில் பழைய கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். அந்த இடங்களில் இன்று கல் இல்லை. தாள் மட்டும் இருக்கிறது. அந்தத் தாள்கள் வெகு காலம் மைசூரில் இருந்தன. தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டு வரவேண்டும் என்று 2021-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. தாளுக்கே நீதிமன்றம் வரையில் போகவேண்டியிருந்தது என்றால், அதன் மதிப்பை யோசித்துப் பாருங்கள்.

உத்தியோகம் கிடைக்குமா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. மழுப்பாமல் சொல்கிறேன். பாங்கியைப் போலவோ, கம்ப்யூட்டர் கம்பெனியைப் போலவோ வரிசையாக வேலை காத்திருக்காது. மத்தியத் தொல்பொருள் இலாகா, மாநிலத் தொல்லியல் துறை, மியூசியங்கள், கல்லூரிகள் என்று இடங்கள் உண்டு, ஆனால் கொஞ்சம்தான். பரீட்சை எழுத வேண்டும். சில வருஷம் காத்திருக்கவும் வேண்டியிருக்கும். ஆராய்ச்சி உதவித் தொகையில் நாள் கடத்துகிற பெண், உடன் படித்த சிநேகிதி வாங்குகிற சம்பளத்தைக் கேட்டுப் பெருமூச்சு விடுகிற நாளும் வரும். இதையெல்லாம் அவளிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். தெரிந்தும் 'அதுதான் வேண்டும்' என்றால், குறுக்கே நிற்காதீர்கள். ஆசைக்குப் படிக்கிற படிப்பு என்று தள்ளிவிட வேண்டாம். ஒரு மலை ஜல்லியாகப் போகுமா, சரித்திரமாக நிற்குமா என்பது சில சமயம் அவளைப் போன்ற ஒருத்தியின் நோட்டுப் புத்தகத்தைப் பொறுத்து இருக்கிறது.

வீட்டில் இருக்கும் நமக்கும் வேலை உண்டு. உங்கள் ஊர்க் கோயிலில் பிரதட்சிணம் செய்யும்போது அடுத்த தடவை கீழ்ச் சுவரைக் கவனியுங்கள். எழுத்து இருந்தால் அதன் மேல் எண்ணெய் விளக்கு வைக்க வேண்டாம். குங்குமம் அப்ப வேண்டாம். குழந்தைகள் கல்லால் பெயர் எழுதினால் தடுங்கள். கும்பாபிஷேகத்துக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள், பழைய கல்லை மாற்றப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், 'கல்வெட்டைப் படியெடுத்தாயிற்றா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாலு பெண்கள் சேர்ந்து கேட்டால், பதில் சொல்லாமல் போகிற தர்மகர்த்தாவை நான் பார்த்ததில்லை.

மகளை அந்தப் படிப்பில் சேர்த்துவிட்ட அம்மாமார்களுக்குக் கடைசியாக ஒரு யோசனை. பட்டுப் புடவை வாங்கவேண்டிய தீபாவளியில் அவளுக்குக் கெட்டியான ஒரு ஜதை பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். அகலமான தொப்பி, பெரிய தண்ணீர்ப் புட்டி, மை பட்டால் கவலைப்படாத இரண்டு பழைய சட்டை, இவையும் வேண்டும். பெருமுக்கல்லில் வெயில் கடுமை.